மோட்டார் இல்லாமல் பால்கனியில் புதினா: வேர் ஏன் அழுகுகிறது?

கேள்வி: சென்னையில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். சின்ன பால்கனி, காலையில் மூன்று மணி நேரம் வெயில் வரும். தரை ஊறுகிறது என்று வீட்டுக்காரர் மண்தொட்டி வைக்க விடவில்லை. அதனால் பெட் பாட்டில்களில் தண்ணீரும், தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரமும் கலந்து புதினாவும் லெட்யூஸும் வைத்தேன். தண்ணீர் குறையக் குறைய தினமும் நிரப்பினேன். மூன்றாவது வாரம் வேர் பழுப்பாகி நாற்றமடித்துவிட்டது. மோட்டார், குழாயோடு விற்கும் செட்டை வாங்கினால்தான் சரிவருமா?

பதில்: செட் வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது: தினமும் நிரப்பினேன் என்கிறீர்களே, அதுதான். செடிகள் மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன. வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். சூட்டில் வேர் மூச்சுவிடும் வேகமும் கூடும். நம் ஊர் வெயிலில் ஒரு பாட்டில் தண்ணீர் பத்து மணிக்கே வெதுவெதுப்பாகிவிடுகிறது. வேரழுகல் கிருமிக்கு அதைவிடத் தோதான இடம் வேறு கிடையாது.

ஹவாய் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆய்வாளர் பெர்னார்ட் கிராட்கி உருவாக்கிய முறை உங்களுக்குப் பொருந்தும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. மூடியில் துளையிட்டு, வலைபோல ஓட்டைகள் உள்ள சின்னத் தொட்டியில், அதாவது வலைத்தொட்டியில், செடியை உட்காரவைத்து, அதன் அடி தண்ணீரைத் தொடும் அளவுக்கு ஊட்டக் கரைசலை ஒரு முறை நிரப்புவதோடு சரி. செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், மேலே காற்று இடைவெளி உண்டாகும். அங்கே தொங்கும் வேர்கள் காற்றிலிருந்து மூச்சுவிடப் பழகிக்கொள்ளும். அடி வேர்கள் நீரையும் சத்தையும் உறிஞ்சும். பழகிய மேல் வேர்களைத் திரும்ப மூழ்கடித்தால் செடி துவண்டுவிடும். புதினா மாதிரி கிள்ளக் கிள்ளத் தழைப்பதற்கு மட்டும், கரைசல் கால் பங்குக்கு வந்ததும் பாதி வாளி வரை விடுங்கள். அதற்கு மேல் ஒரு டம்ளர்கூட வேண்டாம்.

பாட்டிலுக்குப் பதில் மூடியுள்ள 20 லிட்டர் வாளி வாங்குங்கள். தண்ணீர் அதிகமிருந்தால் சூடேற நேரமாகும். ஒளி புகக் கூடாது, புகுந்தால் பாசி பிடிக்கும். அடர்நிற வாளியாக எடுத்து வெளியே வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். சித்திரை, வைகாசியில் ஈரச்சாக்கு சுற்றிவைத்தால் நல்ல பலன் தெரியும். ஒரு வாளி மூடியில் மூன்று துளை போதும்.

அடுத்தது உரம். 19:19:19-ல் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) கிடையாது. தழைச்சத்திலும் கணிசமான பங்கு யூரியாவாக இருக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துக் கொடுக்கும், வாளித் தண்ணீரில் அந்த வேலை சரியாக நடக்காது. மண்ணில்லாமல் தண்ணீரில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸுக்கென்றே ஏ, பி என்று இரண்டாக விற்கும் கரைசலை வாங்குங்கள். முதலில் ஏ-யைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கி, அப்புறம் பி-யை ஊற்ற வேண்டும். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் கால்சியம் வெள்ளையாக அடியில் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. கரைந்த உப்பும் உரமும் எவ்வளவு என்று காட்டுவது மின்கடத்துத்திறன், அதாவது இ.சி. கீரை வகைக்கு அது 1.2 முதல் 1.6 mS/cm வரை இருந்தால் போதும். பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் மண்ணுக்கு அருமையானவை. தேங்கிய தண்ணீரில் அழுகும், விடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் சென்னையில் பாதிப் பிரச்சினை அதில்தான். உப்பு ஏறிய போர்வெல் தண்ணீரில் உரம் போடுமுன்பே இ.சி. எகிறி நிற்கும். கரைந்த உப்பை அளக்கும் சின்ன டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள். 300 ppm-க்கு மேல் காட்டினால் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கலந்து குறையுங்கள். ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவுநீர் கூடவே கூடாது. கரைசலின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் நடுவே இருக்கட்டும். அதற்கு மேல் ஏறினால் இரும்புச்சத்து கிடைக்காமல் இளந்தளிர் மஞ்சளடித்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். எலுமிச்சைச் சாறு ஓரிரு நாள் இறக்கிக் காட்டும், பிறகு ஏறிவிடும். இதற்கென்று விற்கும் பாஸ்பாரிக் அமிலத் துளிகளே நிலையானவை.

லெட்யூஸை நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் கசந்து பூவெடுத்துவிடும். மூன்று மணி நேர வெயிலில் தக்காளி, மிளகாய் சரிவராது. புதினா, பொன்னாங்கண்ணி, வல்லாரை நன்றாக வரும். கடைக் கட்டிலிருந்து முற்றிய புதினாத் தண்டாகப் பார்த்து நான்கு அங்குலத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு டம்ளர் தண்ணீரில் நிழலில் வையுங்கள். பத்து நாளில் வேர் விடும். அப்புறம் ஸ்பாஞ்சில் சுற்றி வலைத்தொட்டியில் வைக்கலாம். தேங்காய் நார்த்தூள் இந்த முறைக்குச் சொதசொதவென்று ஈரம் பிடித்துத் தண்டை அழுகவைக்கும்.

கொசு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டவே வேண்டாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். வலைத்தொட்டி ஓரத்தில் இடுக்கு இருந்தால் ஸ்பாஞ்சால் அடையுங்கள். மூடி இறுகப் பொருந்தாவிட்டால் கொசுவலைத் துணியை இடையில் வைத்து மூடுங்கள். வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். வேர் வெள்ளையாக இருக்க வேண்டும், உரத்தின் நிறம் ஏறி லேசாகப் பழுப்பாக இருந்தாலும் நாற்றம் இருக்கக் கூடாது. புழு நெளிந்தால் கரைசல் முழுவதையும் கொட்டிவிட்டு, வாளியைப் பிளீச்சிங் பவுடர் தண்ணீரால் தேய்த்து அலசி, ஒரு நாள் வெயிலில் காயவைத்துத் திரும்ப ஆரம்பியுங்கள். பழைய பாட்டில்களில் வைத்திருந்த ஸ்பாஞ்சையும் வலைத்தொட்டியையும் புதுச் செடிக்கு எடுக்காதீர்கள்.