மயக்கத்துல இருக்கும்போது படபடப்பு வந்தா யாருக்குத் தெரியும்?

கேள்வி: டாக்டர், எனக்கு 38 வயசு. சும்மா உக்காந்திருக்கும்போதே திடீர்னு நெஞ்சு தடதடன்னு அடிக்கும், மூச்சை அடக்கி முக்கினா நின்னுடும். எஸ்விடின்னு, அதாவது இதயத்தோட மேல்பக்கத்துல கிளம்பி வர்ற வேகத் துடிப்புன்னு சொல்லி, மெட்டோப்ரோலால் மாத்திரை கொடுத்திருக்காங்க. இப்போ பித்தப்பை கல்லுக்கு லேப்ராஸ்கோபி பண்ணணும். மயக்கத்துல இது வந்தா என்னால முக்கவும் முடியாது, சொல்லவும் முடியாதே? அன்னிக்கு மாத்திரையை நிறுத்தணுமா?

பதில்: மாத்திரை விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன். நீங்களா நிறுத்தாதீங்க. இந்த வகை மாத்திரையை டக்னு விட்டா அதுவே படபடப்பைக் கிளப்பிவிடும். பொதுவா ஆபரேஷன் அன்னிக்குக் காலைலயும் ஒரு வாய் தண்ணியோட போட்டுக்கச் சொல்வோம், உங்க மயக்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

அடுத்து, யாருக்குத் தெரியும்னு கேட்டீங்க. தலைமாட்டுல நிக்கிற எங்களுக்குத்தான். மானிட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பீப் போடும், நான் மருந்து ஏத்திட்டு முதுகைக் காட்டிட்டு நின்னாலும் காது மட்டும் அங்கதான் இருக்கும், நிமிஷத்துக்கு 80ல போயிட்டிருந்த சத்தம் திடீர்னு 180க்குத் தாவினா திரும்பாம இருக்கவே முடியாது.

திரும்பின உடனே ஊசியைத் தேட மாட்டோம். மயக்கம் போதுமான ஆழத்துல இருக்கா, ஆக்சிஜன் சரியா போகுதா, வயித்துல ஏத்துற கார்பன் டை ஆக்சைடு ரத்தத்துல ஏறிடுச்சா, ரத்தம் போகுதா, பொட்டாசியம் குறைஞ்சிருக்கான்னு பாப்போம். பாதி நேரம் இதுல ஒண்ணைச் சரி பண்ணினாலே வேகம் இறங்கிடும், காரணத்தை விட்டுட்டு நம்பரை மட்டும் துரத்துறது எனக்குப் பிடிக்காத வேலை.

நிஜமாவே எஸ்விடிதான்னா, அடுத்து பிரஷரைப் பாப்போம். பிரஷர் படுத்துடுச்சுன்னா யோசனையே கிடையாது, துடிப்போட நேரம் பாத்து விழற மாதிரி நெஞ்சுல கரண்ட் ஷாக்தான். முழிச்சிருக்கறவங்களுக்கு அதுக்காகத் தனியா மயக்க மருந்து கொடுக்கணும், நீங்கதான் ஏற்கெனவே தூங்கிட்டிருக்கீங்களே!

பிரஷர் நல்லா இருந்தா கழுத்து ரத்தக்குழாயை ஒரு பக்கம் மட்டும் அமுக்கிப் பாக்கறது உண்டு, எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. அப்புறம் அடினோசின்னு ஒரு ஊசி, இந்த வேகத்தை நிறுத்துறதுக்கு. 6 மில்லிகிராம், சர்ருனு தள்ளி, பின்னாடியே 20 மில்லி சலைன், கையையும் தூக்கிப் பிடிப்போம், ஏன்னா ரத்தத்துல சில விநாடிகள்தான் அதோட ஆயுசு, மெதுவா போட்டா இதயத்துக்குப் போய்ச் சேரவே சேராது. போட்டதும் மானிட்டர்ல கோடு ஒரு சில விநாடி படுத்துடும், தியேட்டர்ல ஒருத்தரும் பேச மாட்டாங்க, அப்புறம் பீப்... பீப்னு நிதானமா வரும். முழிச்சிருக்கறப்ப இதைப் போட்டுக்கிட்டவங்க செத்துப் பிழைச்ச மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிருக்காங்க, உங்களுக்கு அந்த அனுபவமும் மிச்சம். கேக்கலைன்னா 12 மில்லிகிராம், இல்ல எஸ்மோலால் மாதிரி சீக்கிரம் வேலை செஞ்சு சீக்கிரம் கலையுற மருந்து.

ஆஸ்துமா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, அடினோசின் மூச்சுக்குழாயைச் சுருக்கிடலாம். அதைவிட முக்கியம், பழைய இசிஜி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, சாதாரணமா இருக்கும்போது எடுத்ததையும் சேர்த்து. சிலருக்கு இதயத்துல மின்சாரம் போற ஒரு குறுக்குப் பாதை பிறவியிலேயே இருக்கும், டபிள்யூபிடபிள்யூன்னு பேரு, அவங்களுக்கு மேலறை கன்னாபின்னான்னு துடிக்க ஆரம்பிச்சா அடினோசின், வெரபமில் மாதிரி மருந்தெல்லாம் ஆபத்துல கொண்டுபோய் விட்டுடும். அந்தப் பாதை இருக்கறது பல நேரம் அந்தச் சாதாரண இசிஜியிலேயே தெரிஞ்சிடும்.