ஒரே கமாண்டில் புது ப்ராஜெக்ட்: வேலூர் வட்டாரக் கேள்விகள், பதில்கள்

வெப் அப்ளிகேஷனுக்கு வேண்டிய ஃபோல்டர், கான்ஃபிக் ஃபைல், முதல் பக்கம் எல்லாவற்றையும் ஒரே கமாண்டில் உருவாக்கித் தரும் டூல்களைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து நண்பர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், காட்பாடி): அக்கா, பழைய வீடியோ பார்த்து ரியாக்ட் ப்ராஜெக்ட் உருவாக்கும் கிரியேட் ரியாக்ட் ஆப்பை உபுண்டுவில் குளோபலாக (எல்லா ப்ராஜெக்டுக்கும் பொதுவாக) இன்ஸ்டால் செய்தேன். பர்மிஷன் எரர் வந்தது, சூடோ போட்டதும் போய்விட்டது. இப்போது சூடோ இல்லாமல் எதைப் போட்டாலும் எரர்.

பதில்: அந்தச் சூடோதான் தம்பி காரணம். சூடோ என்றால் ரூட், அதாவது அட்மின் அதிகாரத்தில் ஓட்டுவது. அதைப் போட்டு இன்ஸ்டால் செய்யும்போது, உங்கள் ஹோம் ஃபோல்டரில் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கித் தரும் டூல்) வைத்திருக்கும் கேஷ் ஃபைல்கள் ரூட் பெயருக்குப் போய்விடலாம். அப்புறம் உங்கள் யூசரால் அவற்றில் எழுத முடியாது. அந்தக் கேஷ் ஃபோல்டரின் உரிமையை சௌன் (chown) கமாண்ட் மூலம் உங்கள் பெயருக்கே மாற்றிக்கொள்ளுங்கள். இதற்கு மட்டும் ஒருமுறை சூடோ வேண்டும். பிறகு நோட் வெர்ஷன்களைப் பார்த்துக்கொள்ளும் என்விஎம் டூலைப் போட்டு, அதன் வழியாக நோட் (ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் புரோகிராம்) இன்ஸ்டால் செய்யுங்கள். எல்லாம் உங்கள் ஹோமுக்குள்ளேயே இருப்பதால் பர்மிஷன் தொல்லை வராது. உபுண்டுவின் இன்ஸ்டால் கமாண்டான ஆப்ட் தரும் நோட் பெரும்பாலும் பழையது. இப்போது புது ப்ராஜெக்ட் உருவாக்கப் பயன்படுத்தும் டூல் வீட் (Vite). வீட் 7-க்கு நோட் 20.19 அல்லது 22.12-க்கு மேல் வேண்டும்.

இன்னொன்று, இந்த மாதிரி டூலை குளோபலாகப் போடவே வேண்டாம். ஒரு ப்ராஜெக்டுக்கு ஒரே ஒரு முறை ஓடுகிற டூல் அது. குளோபலாக வைத்தால் அங்கேயே பழசாகி, அடுத்த ப்ராஜெக்டையும் பழைய அச்சிலேயே தரும். 2017-ல் என்பிஎம் 5.2-உடன் வந்த என்பிஎக்ஸ், தேவையானபோது இறக்கி ஓட்டும் வழியைத் தந்துவிட்டது. கிரியேட் ரியாக்ட் ஆப்பைப் புது ப்ராஜெக்டுகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அறிவித்துவிட்டது. 'என்பிஎம் கிரியேட் வீட்' என்று போடுங்கள், பின்னால் '@லேட்டஸ்ட்' சேர்க்க மறக்காதீர்கள்.

கேள்வி (லெதர் ஏற்றுமதி ஆபீஸ், ராணிப்பேட்டை): மேடம், விண்டோஸில் பவர்ஷெல் என்பிஎம்மை ஓடவே விடவில்லை, ஸ்கிரிப்டுக்குத் தடை என்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டில் ப்ராஜெக்ட் உருவானது. ஆனால் ரன் செய்தால் 'சன்ஸ்' என்று ஒரு கமாண்டே இல்லை என்கிறது. நான் அப்படி எதுவும் டைப் செய்யவில்லை.

பதில்: சார், உங்கள் ஃபோல்டர் பாதையைப் பாருங்கள். கம்பெனி பெயரில் '& சன்ஸ்' இருக்கும். கமாண்ட் ப்ராம்ப்டுக்கு & என்றால் 'இந்தக் கமாண்ட் முடிந்தது, அடுத்ததை ஓட்டு' என்று அர்த்தம். பாதையை அந்த இடத்தில் இரண்டாக வெட்டி, 'சன்ஸ்' என்பதை ஒரு கமாண்டாகத் தேடுகிறது. ப்ராஜெக்டை டி டிரைவில் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாத பெயருள்ள ஃபோல்டருக்கு மாற்றுங்கள். ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளும் வேண்டாம், இறக்கிய பேக்கேஜ்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் உள்ள ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை அது சிங்க் செய்யப் போய் மெஷினே மந்தமாகும். பவர்ஷெல் தடைக்கு, எக்ஸிகியூஷன் பாலிசியை உங்கள் யூசருக்கு மட்டும் ரிமோட்சைன்ட் ஆக்கினால் போதும்.

கேள்வி (ஆற்காடு): யோமன் இன்னும் பயன்படுத்தலாமா?

பதில்: ஆபீஸில் ஏற்கெனவே ஜெனரேட்டர் எழுதி வைத்திருந்தால் தாராளமாக. ஜெனரேட்டர் என்னும் மாதிரிகளை வைத்து ப்ராஜெக்ட் உருவாக்கும், 2012-லிருந்து இருக்கிற டூல் அது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி (பாலிடெக்னிக் ஆசிரியை, குடியாத்தம்): லேபில் எல்லாரும் ஒரே நேரத்தில் இன்ஸ்டால் கொடுத்தால் நெட் படுத்துவிடுகிறது. பிராக்டிகல் நேரம் முழுக்கக் காத்திருப்பதிலேயே போகிறது. என்ன வழி?

பதில்: மேடம், லேபில் ஒரு மெஷினில் வெர்டாசியோ போடுங்கள். என்பிஎம் பேக்கேஜ்களை ஒருமுறை இறக்கித் தன்னிடமே வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுக்கும் சின்ன சர்வர் அது. வழக்கமாக 4873 போர்ட்டில் ஓடும். மற்ற மெஷின்களிலும் அது கேட்கும்படி கான்ஃபிகில் லிசன் முகவரியைத் திறந்துவிட்டு, மாணவர்களின் என்பிஎம் ரெஜிஸ்ட்ரியை அந்த மெஷினின் ஐபிக்கு மாற்றுங்கள். முந்தைய நாள் நீங்களே ஒரு ப்ராஜெக்டை அதன் வழியாக உருவாக்கி இன்ஸ்டால் செய்து பாருங்கள். மறுநாள் எல்லாம் லேபுக்குள்ளிருந்தே வரும். எந்தப் பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்று குறித்து வைக்கும் லாக் ஃபைலையும் சேர்த்துக் கொடுத்து, இன்ஸ்டாலுக்குப் பதில் 'என்பிஎம் சிஐ' போடச் சொல்லுங்கள். எல்லா மெஷினிலும் ஒரே வெர்ஷன் இருக்கும்.

பிள்ளைகள் முதல் நாளே கோட் எழுத வேண்டாம். டூல் உருவாக்கிய ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அழித்துப் பார்க்கட்டும். இன்டெக்ஸ் ஹெச்டிஎம்எல் ஃபைலில் மெயின் ஃபைலைக் கூப்பிடும் ஒரு வரியை எடுத்தால் பக்கம் வெள்ளையாகிவிடும். அந்த ஒரு வரி புரிந்தால் பாதி பயம் போய்விடும். கமாண்டை மனப்பாடம் செய்த மாணவர் இன்டர்வியூவில் தடுமாறுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி (சத்துவாச்சாரி): கடைகளுக்கு ஒரே மாதிரி சைட் செய்து தருகிறேன். எனக்கென்று ஒரு டூல் செய்யலாமா?

பதில்: செய்யலாம். முதலில் உங்கள் மாதிரி ப்ராஜெக்டை கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) வைத்து, டீகிட் என்ற டூல் மூலம் பழைய மாற்றங்களின் ஹிஸ்டரி இல்லாமல் இறக்கிப் பழகுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். கேள்வி கேட்டுப் பெயர் நிரப்பும் டூல்தான் வேண்டுமென்றால், பேக்கேஜின் பெயரை 'கிரியேட்' என்று தொடங்கி, ஒரு ஹைஃபன் போட்டு வையுங்கள். 'என்பிஎம் கிரியேட்' அதைத் தானாகக் கண்டுபிடிக்கும். டெம்ப்ளேட்டில் உள்ள, கிட் எந்த ஃபைல்களை விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் கிட்இக்னோர் ஃபைலை (.gitignore) மட்டும் புள்ளிக்குப் பதில் அடிக்கோடு போட்டு வைத்து, ப்ராஜெக்ட் உருவாகும்போது பெயரை மாற்றுங்கள். பப்ளிஷ் செய்யும்போது என்பிஎம் அதை அப்படியே அனுப்புவதில்லை. வீட் டெம்ப்ளேட்டுகளிலும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.