மழையில் மட்டும் எரியும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு: மாட்யூலை மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். இப்போதைக்குக் காசைக் கையிலேயே வைத்திருங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு அடிக்கடி போகிறீர்கள். மழை நாளில் புளியரை எஸ் வளைவு தாண்டி ஏறும்போது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கும் சேர்ந்து எரிகின்றன. வெயிலில் ஒன்றும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டதில் முன் இடது சக்கரத்தின் வேக சென்சாருக்கான சி0035 என்ற பிழைக் கோடு (எரர் கோட்) வந்தது. சென்சாரை மாற்றியும் தீரவில்லை. இப்போது, “அண்ணாச்சி, சென்சார் புதுசு போட்டாச்சு, இனி மாட்யூல்தான்” என்கிறார்கள். அதாவது ஏபிஎஸ்ஸை இயக்கும் கன்ட்ரோல் பெட்டி.

தென்காசிப் பக்கம் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் நான். சாரல் தொடங்கினால் இந்த மாதிரி வண்டிகள் மலைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் மாட்யூலைச் சந்தேகிக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. வயரைச் சந்தேகிக்க நிறைய இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விளக்கு சிமிட்டுகிறதா, நிலையாக எரிகிறதா? ஈர ரோட்டில் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது டிராக்‌ஷன் விளக்கு சிமிட்டினால் அது கோளாறே இல்லை. சக்கரம் வழுக்கிச் சுழல்வதைப் பார்த்து அது தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கு ஏபிஎஸ் விளக்கும் கூடவே எரிகிறது என்பதால் இது வேறு விஷயம்.

இரண்டும் சேர்ந்து எரிவதில் ஆச்சரியம் இல்லை. டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கென்று சக்கரத்தில் தனிச் சென்சார் கிடையாது. ஏபிஎஸ்ஸின் நான்கு சென்சார்களைத்தான் அதுவும் நம்பியிருக்கிறது. இழுக்கும் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றினால் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கும், இன்ஜினிடம் இழுவையைக் குறைக்கச் சொல்லும். நான்கில் ஒரு சென்சாரின் கணக்கு தப்பினாலும் யாரை நம்புவது என்று தெரியாமல் இரண்டுமே ஒதுங்கிக்கொள்ளும். (இன்ஜின் செக் விளக்கும் கூட எரிந்தால் கதை வேறு. அப்போது இன்ஜின் கோடை முதலில் பாருங்கள். பல வண்டிகளில் இன்ஜின் மிஸ்ஃபயர் ஆனாலே (ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போனாலே) டிராக்‌ஷன் கன்ட்ரோல் தன்னை அணைத்துக்கொள்ளும்.)

இனி அந்தக் கோடு. சி0035 என்பது “முன் இடது சென்சார் கெட்டுவிட்டது” என்று சொல்லவில்லை. அந்தச் சென்சாரின் சர்க்யூட்டிலிருந்து வரும் தகவல் சரியில்லை என்றுதான் சொல்கிறது. சர்க்யூட் என்றால் சென்சார், கனெக்டர், ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) ஓரமாக ஏறிப்போகும் வயர், மாட்யூல் கனெக்டரின் பின் (ஊசி), சக்கர பேரிங்கில் இருந்து சென்சார் படிக்கும் காந்த வளையம் எல்லாம் சேர்ந்தது. சென்சாரை மட்டும் மாற்றிப் பார்த்தாயிற்று. நடுவில் உள்ள இவ்வளவையும் தாண்டி நேராக மாட்யூலுக்குப் போவது எனக்குப் புரியாத அவசரம்.

மழை ஏன் இதில் இத்தனை முக்கியம்? இப்போதைய கார்களில் பெரும்பாலும் இரண்டு வயர் கொண்ட ஆக்டிவ் சென்சார்தான். மாட்யூல் அதற்கு மின்சாரம் கொடுக்கிறது. சென்சார் தான் இழுக்கும் மின்னோட்டத்தை ஏறக்குறைய 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் இடையே மாற்றி மாற்றிக் காட்டுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் சக்கரத்தின் வேகம் தெரிகிறது. ஆக, மொத்தத் தகவலும் 7 மில்லி ஆம்பியர் வித்தியாசத்தில் இருக்கிறது. கனெக்டருக்குள் ஈரம் புகுந்து இரண்டு பின்னுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் கசிந்தால் கணக்கு தடுமாறத் தொடங்கும். அது காய்ந்ததும் எல்லாம் ஒழுங்காகிவிடும். கொல்லம் கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்றில் பின்கள் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். அவற்றுக்குச் சாரலே போதும்.

மலைக்கும் பங்கு உண்டு. முன் சக்கர வயர், ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் வளைகிறது, சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போதெல்லாம் இழுபடுகிறது. உறைக்கு மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். ஊருக்குள் ஓட்டும்போது ஸ்டியரிங்கை அவ்வளவு ஒடிக்க வேண்டியிருக்காது. கோட்டவாசல் ஏறும் வளைவுகளில் ஒடித்துத்தான் ஆகவேண்டும்.

சோதனையை இப்படிச் செய்யச் சொல்லுங்கள். லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் திரையில் வைத்துக்கொண்டு, நேரான ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டட்டும். நான்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் ஆள் சிக்கிவிட்டான். உலர்ந்த நாளில் எதுவும் காட்டாது என்பதால், சலூனில் முடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில் ஒன்றை எடுத்து அந்தச் சக்கரத்தின் கனெக்டரையும் வயரையும் நனையுங்கள். பிறகு வண்டியை ஜாக்கியில் பாதுகாப்பாகத் தூக்கி நிறுத்தி, ஒருவர் சக்கரத்தைக் கையால் சீராகச் சுற்ற, இன்னொருவர் வயரை அடி முதல் நுனி வரை மெல்ல அசைத்துப் பார்க்கட்டும். ஸ்டியரிங்கை இடது கோடியிலும் வலது கோடியிலும் வைத்து இதையே திரும்பச் செய்ய வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியில் கோடைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோளாறு எப்போது வருகிறதோ அப்போது அளக்க வேண்டும். புளூடூத்தில் போனோடு சேர்ந்து பிழைக் கோடைப் படிக்கும் மலிவான ஓபிடி கருவியை வாங்கி ஏமாறாதீர்கள். அதில் பெரும்பாலும் இன்ஜின் கோடு மட்டும்தான் வரும்.

மல்டிமீட்டர் இருந்தால் சென்சார் கனெக்டரைப் பிரித்து, சாவியை ஆன் செய்து, மாட்யூலிலிருந்து வரும் வயர்ப் பக்கத்துப் பின்களில் அளக்கலாம். பல வண்டிகளில் பேட்டரிக்குக் கிட்டத்தட்ட சமமான வோல்ட் வரும். மாட்யூல் பிழையைப் பார்த்து சப்ளையை நிறுத்தியிருக்கலாம் என்பதால், மீட்டரை வைத்துக்கொண்டே சாவியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சப்ளை பின்னுக்கும் பாடி எர்த்துக்கும் நடுவே வோல்ட் இருந்து, இரண்டு பின்களுக்கு நடுவே இல்லையென்றால் திரும்பிப்போகும் வயர் அறுந்திருக்கிறது.

ஆனால் இந்த அளவு சரியாக வந்ததாலேயே வயர் நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஒற்றை இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். சந்தேகம் தீர, பேட்டரி வயரைக் கழற்றி, மாட்யூல் கனெக்டரையும் சென்சார் கனெக்டரையும் பிரித்துவிட்டு, வேறொரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அந்த வயர் வழியாக ஒரு 5 வாட் பார்க்கிங் பல்பை எரித்துப் பாருங்கள். பல்பு மங்கினாலோ, வயரை வளைக்கும்போது துடித்தாலோ இடம் தெரிந்துவிடும். மாட்யூலோடு இணைந்திருக்கும்போது டெஸ்ட் லேம்பை வைக்கவே கூடாது. ஆக்டிவ் சென்சாரை ஓம் மீட்டரில் அளக்கவும் கூடாது. அந்த அளவில் அர்த்தமும் இல்லை, சென்சார் கெடவும் வாய்ப்பு உண்டு. மாட்யூல் மின்சாரம் கொடுக்கத் தேவையில்லாத பழைய பாஸிவ் சென்சாருக்குத்தான் அந்த முறை. அதில் ஏறக்குறைய 800 முதல் 2500 ஓம் வரை வரும்.

எர்த்தையும் விட்டுவிடாதீர்கள். மாட்யூலின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே, ஹெட்லைட், ஏசி எல்லாம் ஓடும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்குங்கள். ரப்பர்த் தோட்டத்து வீடுகளில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்த தடத்தையும் தேடுங்கள், பானெட்டுக்குள் பெரும்பாலும் அதுதான் வில்லன்.

புது சென்சார் போட்டபோது பேரிங்கும் மாற்றினார்களா என்று கேளுங்கள். காந்த வளையம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் எந்தச் சென்சார் மாட்டினாலும் சிக்னல் வராது. உங்களுக்கு வெயிலில் சரியாக ஓடுவதால் இது இல்லை என்றே நினைக்கிறேன்.

மாட்யூல் கெட்டே போகாது என்று நான் சொல்லவில்லை. சென்சார் பக்கம் முழுவதும் சரி, சப்ளையும் எர்த்தும் சரி, மாட்யூல் பின்னிலேயே அளந்தும் சிக்னல் நன்றாக இருக்கிறது, ஆனாலும் திரையில் அந்தச் சக்கரம் பூஜ்யம் என்றால் அப்போது பேசலாம். அந்த நிலையிலும் பழுது பார்த்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். புதிது வாங்கினால் பல வண்டிகளில் கோடிங் (அந்த வண்டிக்கு ஏற்றபடி மென்பொருளில் பதிவது) செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

வயர்தான் என்று தெரிந்தால் முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள், அடுத்த மழையில் திரும்ப வருவீர்கள். வளையாத இடத்தில் இணைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் குழாய்) போட்டு மூட வேண்டும். ஸ்ட்ரட்டில் இருந்த பழைய கிளிப்பிலேயே வயரை மாட்டவும் வேண்டும். கோடை அழித்ததும் விளக்கு போகவில்லையென்றால் பதறாதீர்கள், சில வண்டிகளில் கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் அணையும்.

அதுவரை ஏபிஎஸ் விளக்கு எரியும்போது சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் உதவி மட்டும் இருக்காது. ஆரியங்காவிலிருந்து தென்மலை இறக்கத்தில் கியரைக் குறைத்து, இடைவெளி விட்டுப் போங்கள். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரம் கட்டி பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள், அந்த நிலையில் மலை இறங்க வேண்டாம்.

வண்டியின் மாடலையும் ஆண்டையும் கீழே எழுதினால் அந்தக் கனெக்டர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்லப் பார்க்கிறேன்.