நுரை அடங்கினால் நீர் நல்லதாகிவிடுமா?

கேள்வி: ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணைப் பாசனத்தில் என் அண்ணன் பயிர் செய்கிறார். அணையில் நுரை பொங்கும்போதெல்லாம், பெங்களூரின் சோப்புத்தூள்தான் ஹார்மோனைக் கெடுக்கிறது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையா? நாங்கள் குடிக்கும் காவிரி நீரைக் கொதிக்க வைத்தால் போதுமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலக்கும் நகரக் கழிவுநீர் கெலவரப்பள்ளிக்குத்தான் வருகிறது, அந்த அளவில் ஊரார் பேச்சு சரியே. ஆனால் வீட்டுச் சோப்புத்தூளில் பெரும்பங்கு வகிக்கும் நுரைப்பொருள் ஹார்மோனைக் குலைப்பதாக அறியப்பட்ட ஒன்றல்ல. கவலைக்குரியவை பெரும்பாலும் நுரைக்காமல், நிறமின்றி வருகின்றன.

அவற்றில் ஒன்று நோனைல்பீனால். துணி பதப்படுத்தும் ஆலைகளிலும் தொழிற்சாலைச் சலவையிலும் பயன்படும் ஒருவகை நுரைப்பொருள், சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்களால் பாதி சிதைந்த நிலையில், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கும் இந்தப் பொருளாக மாறுகிறது. அதாவது, அரைகுறைச் சுத்திகரிப்பு வந்ததைவிட வீரியமான ஒன்றை வெளியே அனுப்பக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2003இலேயே இதன் மூலப்பொருளுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனோ இன்னும் நுண்ணிய அளவில் வேலை செய்யும். கனடாவின் ஒன்டாரியோவில் 2001 முதல் மூன்று கோடைகள் ஒரு சிற்றேரியில் அதை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கரு உருவாவதற்கான புரதம் பெருகியது. ஒரு சிறுமீன் இனம் அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றே போனது.

மனிதருக்கு இதே அளவு பாதிப்பு குடிநீரால் வரும் என்று சொல்லச் சான்று போதாது. சிலவகை பிளாஸ்டிக்கில் இருக்கும், ஹார்மோனைக் குலைக்கும் பிஸ்பீனால் போன்றவை நீரைவிட உணவு வழியாகவே நமக்கு அதிகம் சேர்கின்றன. தவிர, பெங்களூருக்கான காவிரி நீர், நகரக் கழிவைச் சுமக்கும் அர்க்காவதி ஆறு காவிரியில் கலக்கும் சங்கமத்துக்கு மேலேயே எடுக்கப்படுகிறது. நம் கழிவு கீழே இருப்பவர்களுக்குப் போகிறது. இதை நகரவாசிகள் வசதியாக மறந்துவிடுகிறோம்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். இந்த வேதிப்பொருட்கள் போகமாட்டா. புற ஊதா விளக்கு மட்டுமுள்ள வீட்டுக் கருவிக்கும் அதே குறை உண்டு. கார்பன் வடிகட்டி, அதைக் காலத்தில் மாற்றினால், அவற்றில் பலவற்றைப் பிடித்து வைக்கும். ஆர்.ஓ. கருவியும் பெருமளவு நீக்கும். கேன் தண்ணீர் வாங்குவீர்களானால், கேனை வெயிலில் வைக்க வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக்கின் பிஸ்பீனால் நீரில் கசியக்கூடும்.

உங்கள் அண்ணனுக்கு உடனடி ஆபத்து ஹார்மோன் அன்று, சாக்கடைக் கிருமிகளே. ஆகவே அந்த நீரில் விளைந்த கீரையையும் காயையும் பச்சையாக உண்ண வேண்டாம். நோனைல்பீனால் நீரைவிடச் சேற்றில்தான் அதிகம் தங்கும் என்பதால், அணை வண்டலை எருவாக அள்ளிப் போடுவதையும் அங்கே பிடித்த மீனைக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுப்பதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.