22வது தட்டில் உடைந்த பனி: 36 டிகிரி சரிவில் இறங்கலாமா?

பனிச்சரிவு அபாயத்தை அறியப் பனியில் குழி தோண்டி, ஒரு பனித் தூணின் மேல் மண்வாரியை வைத்துத் தட்டிப் பார்த்த சோதனையில் 60 செ.மீ. ஆழத்தில் சீனி மாதிரி ஒட்டாத அடுக்கு 22வது தட்டில் உடைந்தது, வரும் வழியில் 'வும்ப்' என்று பனி அமுங்கியது, இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தயவுசெய்து இறங்காதீர்கள்.

22 என்பது விரிசலைத் தொடங்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைத்தான் காட்டும். தொடங்கிய விரிசல் எவ்வளவு தூரம் ஓடும் என்பதே உயிர்க் கேள்வி. அதற்கு அந்தச் சத்தமே பதில்: பலவீன அடுக்கு உங்கள் எடைக்கே நொறுங்கிப் பரவியிருக்கிறது. சீனி மாதிரியான இத்தகைய பனி மணிகள் சீக்கிரம் இறுகாது, வாரக்கணக்கில் நீடிக்கும். பாறையோரம் மேற்பனி மெலிந்திருக்கும், அங்கே பனிச்சரிவைத் தூண்டுவது இன்னும் சுலபம்.

பரவலைச் சோதிக்க, சரிவுக்குக் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. தூணைப் பின்பக்கமும் கயிற்றால் அறுத்துத் தனியாக்குங்கள். ஒரு முனையில் மண்வாரித் தகட்டை வைத்து மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டுங்கள். விரிசல் தோன்றிய தட்டிலோ அடுத்ததிலோ முழு அகலமும் உடைந்தால் மோசம். உடையாவிட்டாலும் அந்தச் சத்தத்தை அது ரத்து செய்யாது.

இப்போதைக்கு 30 டிகிரிக்குக் குறைந்த சரிவுகளிலேயே இருங்கள். தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அடிவாரத்தில் நடந்தே மேலே பலவீன அடுக்கின் மீது பலகைபோல் கிடக்கும் பனியைக் கழற்றிவிட முடியும்.