பிள்ளைகளுக்குப் பல் கிளிப்: செலவு பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

பல் சீரமைப்பு என் துறை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள்தான். செலவு பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். வாயைப் பார்க்காமல் தொகையை மட்டும் சொல்லச் சொல்லாதீர்கள். வேர் சிகிச்சை, சொத்தை அடைப்பு பற்றிய சந்தேகங்களை உங்கள் பொதுப் பல் மருத்துவரிடம் கேட்பதே நல்லது.

கேள்வி (12 வயது மகளின் அம்மா): டாக்டர், இரண்டு இடங்களில் காட்டினோம். ஒருவர் சொன்ன தொகை இன்னொருவர் சொன்னதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இரண்டு பேரும் மெட்டல் கிளிப் என்றுதான் சொன்னார்கள். யாரை நம்புவது?

பதில்: அந்த இரண்டு தொகைகளுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல்லில் ஒட்டுகிற பிராக்கெட்டும் வயரும் மொத்தச் செலவில் சிறு பங்குதான். நீங்கள் பணம் கொடுப்பது முக்கியமாகத் திட்டத்துக்கும் நாற்காலி நேரத்துக்கும். எல்லாப் பற்களும் வந்த பிள்ளைக்கு முழு சிகிச்சை என்றால் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை வருடம் ஓடும். 4 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டும். ஒவ்வொரு முறையும் வயர் மாற்றுவதா, எந்தப் பல்லை எந்தப் பக்கம் எவ்வளவு இழுப்பது என்று ஒருவர் பார்த்து முடிவெடுக்கிறார்.

இதன் இரண்டு பக்கமும் வேறு செலவுகள் உண்டு. ஆரம்பத்தில் எல்லாப் பற்களையும் இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் பனோரமிக் எக்ஸ்ரே, பக்கவாட்டில் எடுக்கும் தலை எக்ஸ்ரேயான செஃபலோகிராம், புகைப்படங்கள், அச்சு அல்லது ஸ்கேன். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதற்குத் தனி. நடுவில் பிராக்கெட் கழன்றால் திரும்ப ஒட்ட வேண்டும். பல்லை இழுக்கப் பிடிமானமாகத் தாடை எலும்பில் மினி ஸ்க்ரூ என்ற சிறு திருகு வைக்க நேர்ந்தால் அதுவும் சேரும். கடைசியில் கிளிப்பைக் கழற்றிப் பசையைச் சுத்தம் செய்வது, பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர், அதற்குப் பிறகு வருகிற பரிசோதனைகள். ஒருவர் இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். இன்னொருவர் கிளிப்புக்கு மட்டும் சொல்லிவிட்டு மற்றதை வர வர வாங்குவார். இரண்டுமே நேர்மையான வழிதான், ஆனால் தொகையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். இருவரும் ஒரே திட்டத்தைத்தான் சொன்னார்களா? ஒருவர் முன்பற்களை மட்டும் வரிசையாக்குவதாகவும், மற்றவர் கடைவாய்ப் பற்களின் கடியையும் சரிசெய்வதாகவும் சொல்லியிருந்தால் அவை இரண்டு வெவ்வேறு சிகிச்சைகள். என்ன செய்யப் போகிறார்கள், எத்தனை மாதம், எது உள்ளே, எது வெளியே என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ரிட்டெய்னர் என்ற சொல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கேள்வி (புதிய வாசகர்): மகனுக்கு 13 வயது. கிளிப் போட எவ்வளவு ஆகும்?

பதில்: மேலே சொன்னதைப் படியுங்கள். பல்லைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

கேள்வி (8 வயதுக் குழந்தையின் அப்பா): மேல் முன்பற்கள் இரண்டும் விரிந்து நடுவில் நல்ல இடைவெளி. இப்போதே செய்தால் செலவு குறையுமா?

பதில்: பெரும்பாலும் இப்போது செலவே வேண்டாம். இந்த வயதில் மேலே எலும்புக்குள் இருக்கும் கோரைப்பற்கள் இறங்கி வரும்போது முன்பற்களின் வேர்களை நெருக்குகின்றன. அதனால் பற்களின் முனைகள் விரிந்து தெரியும். 1937-லேயே பிராட்பென்ட் என்ற பல் சீரமைப்பு நிபுணர் இதை விவரித்துவிட்டார். கோரைப்பல் 11, 12 வயதில் வெளியே வந்ததும் பல பிள்ளைகளுக்கு இடைவெளி தானாக மூடிவிடும். அவசரப்பட்டுப் பற்களை நெருக்கினால், இறங்கி வரும் கோரைப்பல்லில் பக்கத்துப் பல்லின் வேர் போய் இடிக்கும் ஆபத்து உண்டு.

ஆனாலும் 7 வயதையொட்டி ஒரு தடவை சீரமைப்பு நிபுணரிடம் காட்டுவது நல்லது. அந்தப் பரிசோதனையில் “ஒரு வருடம் கழித்து வாருங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அந்த மருத்துவரை நம்பலாம்.

கேள்வி (இரட்டையரின் அப்பா): இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் போட வேண்டும். மெட்டல், செராமிக், வயரைத் தானே பிடித்துக்கொள்ளும் பிராக்கெட், அலைனர் என்று நாலு விலை சொல்கிறார்கள். விலை கூடினால் வேலை சீக்கிரம் முடியுமா?

பதில்: முடியாது. பல் நகர்வது எலும்பு கரைந்து மறுபடி வளர்கிற வேகத்தில். அந்த வேகத்தைப் பிராக்கெட்டின் விலை மாற்றாது. தானே பிடித்துக்கொள்ளும் பிராக்கெட்டால் காலம் குறையும் என்ற விளம்பரத்தை நம்பிக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் சாதாரண பிராக்கெட்டைவிட அது கால அளவில் மேம்பட்டதாகத் தெரியவில்லை. செராமிக் கண்ணுக்கு உறுத்தாது, ஆனால் உடையும். கீழ்ப்பல்லில் ஒட்டினால், கடிக்கும்போது மேல்பல்லின் எனாமலைத் தேய்த்துவிடும். அலைனர் என்பது கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தட்டு. அது ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிடும்போது கழற்றி மறந்துவிடுகிற பிள்ளைக்கு அதில் போடும் பணம் வீண்தான். சந்தேகம் இருந்தால் மெட்டல் போதும், குறை ஒன்றும் இல்லை.

கேள்வி (9 வயது மகனின் அம்மா): எத்துப்பல். இப்போது ஒரு கட்டம், 12 வயதில் இன்னொரு கட்டம் என்று சொல்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். தேவையா மேடம்?

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இங்கேதான் பெற்றோர் பணம் அதிகம் போகிறது.

மேல் முன்பற்கள் வெளியே துருத்தி, கீழ்த்தாடை பின்தங்கியிருக்கும் பிள்ளைகளைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சீக்கிரமே, கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவரும் ட்வின் பிளாக் மாதிரிக் கருவி கொடுத்தும் மற்றக் குழுவைக் காத்திருக்க வைத்தும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆய்வுகள் நடந்தன. எல்லாருக்கும் பதின்ம வயதில் முழு சிகிச்சை முடிந்த பிறகு ஒப்பிட்டார்கள். கடியிலும் தாடை அமைப்பிலும் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சீக்கிரம் தொடங்கியவர்கள் மொத்தத்தில் அதிக காலம் சிகிச்சையில் இருந்தார்கள், அதிக தடவை வந்தார்கள். கிடைத்த தெளிவான நன்மை ஒன்று உண்டு: விழுந்து முன்பல்லை உடைத்துக்கொள்வது அவர்களில் குறைவு.

ஆகவே உங்கள் மகன் ஓடியாடி விழுகிறவனா, உதட்டை மூடினாலும் பல் வெளியே நிற்கிறதா, பள்ளியில் கேலியால் வாடுகிறானா என்று பாருங்கள். ஆம் என்றால் முதல் கட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. இல்லையென்றால் காத்திருக்கலாமா என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.

இரட்டையரின் அப்பா: மன்னிக்கவும் டாக்டர், ஒப்புக்கொள்ள முடியவில்லை. சீக்கிரம் தாடையை விரித்தால் நல்ல பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை என்று எங்கள் மருத்துவர் சொன்னார். பிடுங்கினால் முகமே ஒட்டிப்போகும் என்கிறார்களே!

பதில்: இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. எத்துப்பல் பிள்ளைகளில் சீக்கிரம் தொடங்கியதால் பிடுங்கும் தேவை குறைந்ததா என்று மேலே சொன்ன அமெரிக்க ஆய்வு ஒன்றில் பார்த்தார்கள். குறையவில்லை. தாடையை விரிப்பது வேறு விஷயம். மேல்தாடை குறுகி, பின்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே கடித்தால் விரிக்கத்தான் வேண்டும். அண்ணத்தின் நடுத்தையல், அதாவது மேல்தாடையின் இரு பாதி எலும்புகள் சேரும் கோடு, இறுகுவதற்கு முன் செய்தால் எளிது. ஆனால் போதுமான அகலம் இருக்கும் தாடையை, பல் பிடுங்காமலிருக்க வேண்டும் என்பதற்காகவே விரித்தால் பற்கள் எலும்புக்கு வெளியே சாயும், ஈறு இறங்கும், பிறகு பழைய இடத்துக்கே திரும்பும். மறுபடி செலவு.

முகம் ஒட்டிப்போவது, பிடுங்கக் கூடாத முகத்தில் பிடுங்கினால். உதடு முன்தள்ளி நிற்கும் பிள்ளைக்கு நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்தால் முகம் எடுப்பாகவே அமையும். அதற்குத்தான் செஃபலோகிராம் எடுத்து அளக்கிறோம்.

கேள்வி (6 வயதில் மகளுக்குச் செய்தவர்): நீங்கள் சொல்வதைக் கேட்டால் எல்லாரும் காத்திருப்பார்கள். என் மகள் ஒரு பக்கமாகத் தாடையைக் கோணிக் கடிப்பாள். ஆறே மாதத்தில் சரியானது. அப்போது விட்டிருந்தால்?

பதில்: விட்டிருந்தால் தாடையே ஒரு பக்கமாக வளர்ந்திருக்கலாம். நீங்கள் செய்தது சரி, நன்றி. எல்லாரும் காத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. கோணிக் கடிப்பது, கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் நிற்பது, விரல் சூப்பி முன்பக்கம் திறந்து நிற்பது, பால் கடைவாய்ப்பல் சொத்தையால் சீக்கிரம் போய் இடம் அடைபடுவது: இவை காத்திருக்கக் கூடாதவை. கீழ்த்தாடை முன்தள்ளிய பிள்ளைக்கு, முகத்தில் மாட்டி மேல்தாடையை முன்னுக்கு இழுக்கும் முகக்கவசக் கருவி 10 வயதுக்கு முன் நன்றாக வேலை செய்யும்.

இன்னும் ஒன்று, பலருக்குத் தெரியாதது. 10 வயதில் மேல் ஈறின் வெளிப்புறத்தில் விரலால் தடவினால் கோரைப்பல்லின் மேடு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் தட்டுப்பட்டு மறுபக்கம் இல்லையென்றால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பல் அண்ணப் பக்கம் திரும்பியிருந்தால், அந்த இடத்துப் பால் கோரைப்பல்லை எடுத்துவிட்டாலே பல பிள்ளைகளுக்குப் புதுப்பல் தன் வழிக்கு வந்துவிடும். கவனிக்காமல் விட்டால் பிறகு ஈறைக் கிழித்து, பல்லில் சங்கிலி ஒட்டி, மாதக்கணக்கில் இழுக்க வேண்டும். பக்கத்துப் பல்லின் வேரையும் அது கரைத்துவிடக்கூடும். சீக்கிரம் பார்ப்பதால் செலவு மிச்சமாகும் என்று நான் துணிந்து சொல்வது இந்த இடத்தில்தான்.

இரட்டையரின் அப்பா: புரிகிறது. அப்படியானால் எங்கள் மருத்துவரிடம் என்ன கேட்கட்டும்?

பதில்: “இப்போது செய்யாவிட்டால் 12 வயதில் எது கடினமாகும்?” என்று கேளுங்கள். குறிப்பான பதில் வந்தால் செய்யுங்கள். பொதுவாக “சீக்கிரம் செய்தால் நல்லது” என்று மட்டும் வந்தால் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

கேள்வி (காப்பீடு வைத்திருப்பவர்): பாலிசியில் பல் சிகிச்சை இருக்கிறது. கிளிப்பும் அடங்குமா?

பதில்: பல் சிகிச்சை இருப்பதாலேயே கிளிப் அடங்கும் என்று நினைக்காதீர்கள். அடங்கினாலும் வயது வரம்பு, காத்திருப்புக் காலம், ஆயுளுக்கு ஒரே ஒரு உச்சவரம்பு என்று நிபந்தனைகள் இருக்கலாம். பாலிசி எடுப்பதற்கு முன் தொடங்கிய சிகிச்சையைப் பல காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்பதில்லை. அழகுக்கான சிகிச்சை என்று வகைப்படுத்தி மறுப்பதும் உண்டு. பிராக்கெட் ஒட்டுவதற்கு முன் திட்டத்தை அனுப்பி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ரிட்டெய்னருக்கும் தருவார்களா என்று அதே கடிதத்தில் கேளுங்கள்.

கேள்வி: 34 வயது. எனக்கே போடலாமா? செலவு?

பதில்: போடலாம். இன்றைய பேச்சு பிள்ளைகளைப் பற்றியது. முதலில் ஈறு நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: 11 வயதுப் பெண்ணுக்குத் தோராயமாகவாவது ஒரு தொகை சொல்லக் கூடாதா?

பதில்: கூடாது. நான் ஒரு எண்ணைச் சொன்னால் நாளை அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நல்ல மருத்துவரை வேண்டாமென்று விடுவீர்கள்.

கேள்வி (இடமாற்றம் வரக்கூடிய வேலை): முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டினால் தள்ளுபடி உண்டு என்கிறார்கள். நடுவில் ஊர் மாறினால்?

பதில்: ஊர் மாற வாய்ப்பு இருந்தால் தள்ளுபடிக்கு ஆசைப்படாதீர்கள். வேலை நடக்க நடக்கத் தவணையாகக் கட்டுங்கள். நடுவில் விட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். எக்ஸ்ரே, படங்கள், அச்சு ஆகியவற்றின் நகலை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய மருத்துவர் பெரும்பாலும் தன் கணக்கில் புதுக் கட்டணம் போடுவார். அலைனரில் இது இன்னும் சிக்கல், தட்டுகள் முன்கூட்டியே ஆர்டர் செய்யப்பட்டவை.

கேள்வி (மாதம் ஒரு பிராக்கெட் கழல்கிறது): ஒவ்வொன்றுக்கும் தனியாக வாங்குகிறார்கள். இது நியாயமா?

பதில்: எந்தப் பல்லில் கழல்கிறது என்று பாருங்கள். கீழ்ப்பல்லில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப என்றால் மேல்பல் அதன்மேல் இடிக்கிறது. கடைவாய்ப் பல்லின் மேல் சிறிது பசை வைத்துக் கடியை உயர்த்தினால் நின்றுவிடும். அதற்குப் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. இடம் மாறி மாறிக் கழன்றால் ஐஸ் கட்டி, பேனா மூடி, நகம் என்று எதையோ கடிக்கிறான். கழன்ற பிராக்கெட் வயரில் சும்மா தொங்கும், சரியாக ஒட்டும்வரை அந்தப் பல் நகராது, பின்வாங்கவும் செய்யும். காலம் நீள நீள, பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தேங்கி எனாமலில் சுண்ணாம்பு வெள்ளையில் திட்டு விழும். கிளிப்பைக் கழற்றிய அன்று பல் வரிசையாக இருந்தும் அந்தத் திட்டுகளைப் பார்த்து அழுத பிள்ளைகள் உண்டு. இரவில் பல் தேய்த்தானா என்று நீங்களே வெளிச்சத்தில் பாருங்கள்.

கேள்வி: வீட்டுக்கே அலைனர் அனுப்புகிறார்களாம், மலிவு. 12 வயதுக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம், வேண்டவே வேண்டாம். எக்ஸ்ரே இல்லாமல் வேர் எங்கே இருக்கிறது, எந்தப் பல் இன்னும் உள்ளே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வளர்கிற வாயில் இப்படிச் செய்யக் கூடாது. உண்மையாகவே பணம் தட்டுப்பாடு என்றால் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். முதுநிலை மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் பார்ப்பார்கள், கட்டணம் குறைவு, நேரம் அதிகம் பிடிக்கும். வேலை நன்றாக இருக்கும்.

கேள்வி (16 வயது): கிளிப் கழற்றி ஒரு வருடம். ரிட்டெய்னரைத் தொலைத்து நாலு மாதம். கீழே ஒரு பல் லேசாகத் திரும்பிவிட்டது. மறுபடி முழு செலவா?

பதில்: இன்றைக்கே போ. நாளை மறுநாள் என்று தள்ளாதே. லேசான திருப்பம் என்றால் சில அலைனர்களிலோ சிறு வயரிலோ சரியாகலாம். புது ரிட்டெய்னரின் விலை, மறு சிகிச்சையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பெற்றோர்களே, ரிட்டெய்னரை இரவில் போடுவது ஆறு மாதக் கதை இல்லை, பல்லின் வரிசை வேண்டும்வரை போட வேண்டும். போடும்போது இறுக்கமாகத் தோன்றினால் பல் நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது ரிட்டெய்னருக்கும் முதல் நாளே கணக்குப் போட்டு வையுங்கள்.

கேள்வி: ஞானப்பல்லை எடுத்தால் வரிசை கலையாது என்கிறார்களே?

பதில்: அதற்காக எடுக்க வேண்டாம்.

கேள்வி (13 வயது மகனின் தாத்தா): கீழே இரண்டு பால் கடைவாய்ப் பற்கள் இன்னும் விழவில்லை. விழுந்த பிறகு கிளிப் போட்டால் போதும் என்று காத்திருக்கிறோம். சரியா அம்மா?

பதில்: காத்திருக்காதீர்கள் ஐயா, ஒரு பனோரமிக் எக்ஸ்ரே எடுங்கள். பால் கடைவாய்ப்பல்லுக்குப் பதிலாக வர வேண்டிய கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல் சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. இல்லையென்றால் பால்பல்லை வைத்துக் காப்பதா, எடுத்து இடத்தை மூடுவதா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டும். மூடுவதானால் கிளிப்போடு சேர்ந்தே நடக்கும். வைத்துக் காப்பதானால், அது என்றாவது விழும் நாளில், எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் செலவு வரும். இம்ப்ளான்ட் தாடை வளர்ச்சி நின்ற பிறகுதான் வைக்க முடியும். இரண்டு கணக்கையும் மருத்துவரிடம் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.