பெயர் தெரிந்தால் போச்சு!

கே: ஃபேட் என்ற ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடரில் ஆர்தர் மன்னர் பெண்ணாக வருகிறார், ஹெர்குலிஸ் வாயைத் திறந்தால் உறுமல்தான், யார் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்றே புரியவில்லை. கொஞ்சம் விளக்குங்களேன்?

ப: அடிப்படை ரொம்ப எளிது. ஃபுயுகி என்ற ஜப்பானிய நகரத்தில் ஏழு மந்திரவாதிகள் ஆளுக்கொரு பழங்கால வீரரை வரவழைத்து மோதவிடுகிறார்கள். கடைசிவரை நிற்கும் ஜோடிக்குக் கேட்ட வரம் தருமாம் ஹோலி கிரெயில் என்ற மாயக் கிண்ணம். மந்திரவாதி மாஸ்டர், வீரர் சர்வன்ட். வரும் வீரர் சேபர், ஆர்ச்சர், லேன்சர், ரைடர், காஸ்டர், அசாசின், பெர்சர்க்கர் என்ற ஏழு வகுப்புகளில் ஒன்றுக்குள் அடங்கியாக வேண்டும். ஹெர்குலிஸ் பெர்சர்க்கராக, அதாவது வெறிகொண்ட வீரராக வந்ததால் பலம் ஏறிவிட்டது, புத்தி இறங்கிவிட்டது. ஆர்தரா? பிறந்ததே பெண்ணாகத்தான், நாட்டுக்காக ஆணாக நடித்தார், நாம்தான் ஏமாந்துவிட்டோம் என்று 2004-இல் வந்த மூல வீடியோ விளையாட்டிலேயே அதன் கதாசிரியர் கினோகோ நாசு கதை கட்டிவிட்டார்.

கே: ஆளாளுக்கு அழகான பெயர் இருக்கும்போது ஏன் சேபர், லேன்சர் என்றே கூப்பிட்டுக்கொள்கிறார்கள்?

ப: எனக்கு இந்த உலகத்தில் ரொம்பப் பிடித்த விதியே இதுதான். பெயர் தெரிந்தால் புராணம் தெரியும், புராணம் தெரிந்தால் எப்படிச் செத்தார் என்பதும் தெரியும். ஜெர்மானியப் புராண வீரர் சீக்ஃபிரீட் என்று தெரிந்துவிட்டால், அவருடைய ஒரே பலவீனமான இடமான, முதுகில் இலை ஒட்டியிருந்த இடத்தைத் தேடிக் குத்துவார்கள். ஆனால் நோபிள் ஃபேன்டஸம் எனும் உச்ச ஆயுதத்தைக் காட்டினாலே பெயர் பாதி வெளியாகிவிடும், காட்டாமல் ஜெயிக்கவும் முடியாது. சேபராக வந்திருக்கும் ஆர்தர் தன் வாளைக் காற்றால் சுற்றி மறைத்து வைத்திருப்பது அதனால்தான், பார்த்த மாத்திரத்தில் ஆர்தரின் எக்ஸ்காலிபர் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். லேன்சரைப் பாருங்கள். வீட்டு முற்றத்தில் சேபரோடு நடக்கும் சண்டையில் கே போல்க் என்ற ஈட்டியை ஏவுகிறார். இதயம் துளைபட்டது என்ற முடிவு முதலில் நிச்சயமாகிவிடும், குத்து அப்புறம்தான் நடக்கும், அப்படிப்பட்ட ஆயுதம். சேபர் மயிரிழையில் இதயத்தைக் காப்பாற்றிக்கொண்டு, மார்பில் ரத்தம் வழிய, நீ அயர்லாந்துப் புராண வீரன் கூ ஹுலின்தானே என்று கண்டுபிடித்துவிடுகிறார். ஏவினால் கொன்றே ஆகவேண்டிய ஆயுதம், ஆள் பிழைத்துவிட்டார், பெயரும் போய்விட்டது. அந்த நேரத்தில் லேன்சர் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டுமே!

கே: நம் கர்ணன் இதில் வருகிறாராமே?

ப: வருகிறார், பெரும்பாலும் லேன்சராக. கவசம் உடம்போடு ஒட்டியே இருக்கிறது, விழும் அடியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தை முழு வேகத்தில் விடவேண்டுமென்றால் அந்தக் கவசத்தைக் கழற்றியே ஆகவேண்டும். பாரதத்தில் நடந்த அதே பேரம், இங்கே சண்டை விதியாகிவிட்டது. பேச்சில் எப்போதும் ஒரு வார்த்தை குறைச்சல் வேறு, உண்மையை மொட்டையாகச் சொல்லி எதிராளியை மேலும் கடுப்பேற்றிவிடுவார்.

கே: சர்வன்ட் அவ்வளவு பலசாலி என்றால் மாஸ்டரையே போட்டுத்தள்ளிவிட மாட்டாரா?

ப: முயன்றவர்கள் உண்டு. அதற்குத்தான் மாஸ்டர் உடம்பில் மூன்று கமாண்ட் சீல், மறுக்க முடியாத மூன்று கட்டளைகள். "இப்போதே இங்கே வா" என்று குறிப்பாகச் சொன்னால் தூரத்தில் இருப்பவரும் அந்த நொடியே வந்து நிற்பார். "எப்போதும் என் பேச்சைக் கேள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் வலு நீர்த்துப்போகும். ஆர்ச்சரின் மாஸ்டரான ரின் என்ற பெண் முதல் நாளே கோபத்தில் அப்படி ஒன்றை வீணடித்தாள். முழு வீண் என்றும் சொல்ல முடியாது, பேச்சை மீறினால் ஆர்ச்சருக்கு உடம்பு கனத்துப்போகிறது.

கே: கடைசியில் கிரெயில் வரம் தருமா, தராதா?

ப: முழுக்கப் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள். மூன்று மந்திரவாதிக் குடும்பங்கள் சேர்ந்து கிரெயிலை உண்டாக்கியதே உலகத்துக்கு வெளியே போக வழி திறக்கத்தான், அதற்கு எரிபொருள் செத்த சர்வன்ட்களின் ஆன்மாக்கள். வரம் என்பது ஆள் சேர்க்கும் தூண்டில். இந்தப் போர் பலமுறை நடந்திருக்கிறது. மூன்றாவது போரில் அந்த மூன்றில் ஒன்றான ஐன்ஸ்பெர்ன் குடும்பம் குறுக்குவழி தேடி, பாரசீகப் புராணத்தின் தீமைக் கடவுள் ஆங்ரா மைன்யுவை வரவழைத்தது. ஆள் நோஞ்சான், சீக்கிரமே செத்து கிரெயிலுக்குள் போனார், உள்ளே இருந்த எல்லாமே கெட்டுவிட்டது. அதிலிருந்து என்ன வரம் கேட்டாலும் அது அழிவு வழியாகத்தான் நிறைவேறும்.

கே: எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

ப: ஃபேட்/ஸீரோ என்ற தொடர் முன்கதைதான், ஆனால் முதலில் பார்க்காதீர்கள். மேலே நான் தாண்டச் சொன்ன பதிலை அது முழுசாகப் போட்டு உடைத்துவிடும்.